உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்

வால்திவியாவில் ஜூன் என்றால்
மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
என் மருந்தறைக்கு ஜன்னல் கிடையாது.
குழாய்க்குள் ஓடும் சத்தத்தை வைத்தே
மேலே எவ்வளவு பெய்கிறது என்று சொல்லிவிடுவேன்.

குழந்தையை நான் பார்த்ததில்லை.
வெள்ளைச் சீட்டு வந்தது.
பைல்லாலெஃப், மில்லாராய். பதினைந்து மாதம்.
எடை ஒன்பது கிலோ நூறு கிராம்.
துடிப்பு இருநூற்றுப் பதினெட்டு,
தூங்கும்போதும்.

எத்தனை வாரமாக என்று யாருக்கும் தெரியாது.
சளி என்றார்களாம். பல் முளைக்கிறது என்றார்களாம்.
இதயத்தின் மேலறையில் பிசகிய ஒரு பொறி
ஓடு ஓடு என்று விரட்ட,
நிரம்பவும் நேரமில்லாமல் சுருங்கிச் சுருங்கிக்
கீழறை துவண்டுவிட்டது.
நூறு சொட்டு வந்தால்
இருபத்திரண்டைத்தான் வெளியே தள்ளுகிறது.
கெட்டுப்போயிருக்காது, களைத்துப்போயிருக்கும்
என்றார் டாக்டர் ஒஸ்ஸந்தோன் தொலைபேசியில்.
எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
ஓட்டத்தை நிறுத்தினால் தெரியும்.

அமியோடரோன், இருநூறு மில்லிகிராம்.
வட்ட மாத்திரை, நடுவே ஒரு கோடு.
பென்ஷன் வாங்குகிறவர்களின் நெஞ்சுக்கு வந்த சரக்கு.
கல்வத்தில் போட்டு அரைக்கிறேன்,
விரலிடுக்கில் நெருடாத வரை.
சர்க்கரைப்பாகு கொஞ்சம் கொஞ்சமாக.
ஒரு சிட்டிகை சோடா உப்பு,
காகிதம் நிறம் மாறும் வரை.
பழுப்புச் சீசா. மருந்துக்கு வெளிச்சம் ஆகாது.
குடிப்பவருக்கும் வெயில் ஆகாது, தோல் பொசுங்கும்.
இந்த ஊரில் அந்த ஒரு கவலை மட்டும் இல்லை.

செவ்வாய்: எட்டு கிலோ எழுநூறு.
பதறி மேலே கூப்பிட்டேன்.
நல்லதுதான், என்றாள் செவிலி கிறிசெல்தா,
போனது சதையில்லை, தேங்கிய நீர்.
வெள்ளி: எட்டு கிலோ இருநூறு.
ஒரு குழந்தை இளைக்க இளைக்க
நான் சந்தோஷப்பட்டது அந்த வாரம்தான்.

நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபது.
மறுபடி இருநூறு.
கூடவே ப்ரோப்ரனோலால்,
எறும்புக்கு அளந்ததுபோல்.
நூற்று இருபத்தாறு.
அந்தச் சீட்டை இரண்டு முறை வாசித்தேன்.

கீழறைக்கு மட்டும் அவசரமில்லை.
விரட்டியவன் போய்விட்டான் என்பதை
நம்ப அதற்கு நாளாயிற்று.
இருபத்திநான்கு. இருபத்திநான்கு.
இருபத்தொன்பது.

ஜூலை கடைசி வியாழன்
பட்டியலில் பெயர் இல்லை.
ஒஸ்ஸந்தோன் எடுக்கவில்லை.
லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்.
கதவு திறந்தது, காத்திருந்தது, மூடிக்கொண்டது.
திரும்பி வந்து
யாரும் கேட்காத ஒரு சீசாவைக் கலக்கினேன்.
லேபிளில் பெயர் எழுதவில்லை.

ஞாயிறன்று ஆற்றோர மீன் சந்தை.
வெட்டி எறிந்த தலைகளுக்காகக்
கடற்சிங்கங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.
என்ன மீன் வேண்டும் என்று கேட்ட பெண்ணுக்கு
பதில் சொல்ல வெகுநேரமாயிற்று எனக்கு.

திங்கள் காலை கிறிசெல்தா சிரித்தாள்:
வியாழனே வீட்டுக்குப் போய்விட்டாள், உனக்கு யாரும் சொல்லலையா?
சொல்லவில்லை.
பெயரில்லாத சீசாவைக் கழிவுப் பெட்டியில் போட்டேன்,
கணக்கில் எழுதினேன்: கை தவறியது.

அக்டோபரில் பச்சைச் சீட்டு. வெளிநோயாளி.
பைல்லாலெஃப், மில்லாராய்.
கீழறை, நூற்றுக்கு ஐம்பத்தேழு.
எடை ஒன்பது கிலோ நூறு கிராம்.

அதே எண்.
இந்த முறை அதில் தேங்கிய நீர் ஒரு சொட்டு இல்லை.

இப்போது பாதி அளவுதான்,
கிலோவுக்கு ஒரு மில்லி.
லேபிளை ஒட்டினேன்.
நன்றாகக் குலுக்கவும் என்பதற்குக் கீழே
வெயிலில் விட வேண்டாம் என்று
பெரிய எழுத்தில் எழுதினேன்.
அக்டோபரில் இங்கே சில நாள் வெயில் வரும்.
அவள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம்.